நாற்காலியில் உட்கார்ந்து விமானம் ஓட்டக் கற்கலாமா?

வீட்டுக் கூடத்தில் ஒரு மேஜை. மேஜை மேல் கம்ப்யூட்டர். அதன் எதிரே பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்து இருக்கிறான்.

அவன் கையில் ஒரு சிறு பிடி. அதை மெதுவாக இழுக்கிறான். திரையில் தெரியும் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்புகிறது. கீழே ஆறு தெரிகிறது. சாலை தெரிகிறது. சாலையில் போகும் வண்டிகள் கூடத் தெரிகின்றன. விமானம் மேகத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது.

"சாப்பிட வாடா!" என்று அடுக்களையில் இருந்து அம்மா கூப்பிடுகிறாள்.

"இரும்மா, விமானம் இறங்கட்டும்!" என்கிறான் பையன்.

இன்று உலகத்தில் எத்தனையோ வீடுகளில் நடக்கிற காட்சி இது. பையன் விளையாடுகிறான் என்று அம்மா நினைக்கிறாள். விமானம் ஓட்டக் கற்றுக் கொள்கிறோம் என்று பையன் நினைக்கிறான்.

இதில் யார் சொல்வது சரி?

இது வீண் கேள்வி அல்ல. விமானம் ஓட்டக் கற்றுக் கொள்ளப் பணம் ஏராளமாக ஆகும். அமெரிக்காவில் ஒரு சிறிய விமானத்தை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தால் நூறு டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பாதியையாவது கற்றுக் கொள்ள முடிந்தால், ஏழைப் பிள்ளைக்கும் ஆகாயத்தில் ஓர் இடம் கிடைக்கும்.

ஆனால், கற்றுக் கொள்ளாததைக் கற்றதாக நினைத்துக் கொண்டு ஒருவன் மேலே ஏறினால் என்ன ஆகும்? தரையில் தவறு செய்தால் காது திருகலோடு போகும். ஆகாயத்தில் அப்படிப் போகாது.

ஆர்கன் தொழிற்சாலையில் பிறந்தது!

விமானம் போலப் பாவனை செய்யும் கருவிக்குச் சிமுலேட்டர் என்று பெயர். இது கம்ப்யூட்டர் வந்த பிறகு தோன்றியது அல்ல. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே வந்து விட்டது.

அமெரிக்காவில் பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே எட்வின் லிங்க் என்ற வாலிபர் இருந்தார். அவருடைய தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார்.

லிங்க்குக்கு விமானம் ஓட்ட ஆசை. 1920-ம் ஆண்டில் முதல் பாடம் கற்றார். ஆனால் அந்தக் காலத்திலும் விமானப் பயிற்சிக்குச் செலவு அதிகம். எனவே, தரையில் இருந்தபடியே பழகுவதற்கு ஒரு வழி உண்டா என்று யோசித்தார்.

தகப்பனாரின் தொழிற்சாலையில் ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகள் கிடந்தன. அவற்றை எடுத்தார். மரத்தால் ஒரு குட்டி விமானம் செய்து, துருத்திகளின் மேல் உட்கார வைத்தார். உள்ளே இருப்பவர் பிடியை அசைத்தால் குட்டி விமானம் சாயும், திரும்பும், மூக்கைத் தூக்கும். 1929-ம் ஆண்டிலேயே இது தயாராகி விட்டது.

இதை வாங்கியவர்கள் யார்? விமானப் பள்ளிக்காரர்களா? இல்லை. பொருட்காட்சிக்காரர்கள்தான் வாங்கினார்கள்! காசு போட்டால் ஆடும் ராட்டினம் மாதிரி, பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்கு!

ஆக, "இது பயிற்சியா, விளையாட்டா?" என்ற கேள்வி சிமுலேட்டர் பிறந்த அன்றே பிறந்து விட்டது.

விடை கிடைத்தது 1934-ம் ஆண்டில். அந்த ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவில் விமானத் தபால் கொண்டு போகும் வேலை ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. குளிர் காலம். பனி மூட்டம். இரவு நேரம். பகல் வெளிச்சத்தில் தரையைப் பார்த்து ஓட்டிப் பழகிய ராணுவ விமானிகள் தடுமாறினார்கள். சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள்.

அப்போது லிங்க்கை ராணுவ அதிகாரிகள் அழைத்தார்கள். நியூவர்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அன்று கடும் மூடுபனி. "இந்தப் பனியில் எங்கே வரப் போகிறார்!" என்று அவர்கள் நினைத்த வேளையில், லிங்க் தம்முடைய விமானத்தை ஓட்டிக் கொண்டு வந்து பத்திரமாக இறக்கினார். வெளியே பார்க்க முடியாமல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டி வந்திருந்தார்.

அதிகாரிகளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஒன்று 3,500 டாலர் வீதம் 6 கருவிகள் வாங்கினார்கள்.

இரண்டாவது உலகப் போர் முடிவதற்குள், 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குட்டி விமானத்தில் ஏறிப் பயிற்சி பெற்று விட்டார்கள். அதற்கு நீல வண்ணம் பூசி இருந்ததால், "நீலப் பெட்டி" என்று செல்லமாக அழைத்தார்கள்.

அந்த நீலப் பெட்டியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் உண்டு. பெட்டிக்கு வெளியே ஒரு மேஜை போட்டிருக்கும். மேஜை எதிரே ஆசிரியர் உட்கார்ந்து இருப்பார். மேஜை மேல் ஒரு வரைபடம். உள்ளே இருக்கும் மாணவன் எந்தப் பக்கம் போகிறான் என்று, ஒரு சிறு கருவி அந்தப் படத்தின் மேல் நகர்ந்து மையால் கோடு போட்டுக் காட்டும். மாணவன் வழி தப்பினால் ஆசிரியர் உடனே சொல்லுவார்.

அந்த மேஜையை மறக்க வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு பேச வேண்டி இருக்கிறது.

178 வினாடி!

மேகத்துக்குள் போன விமானி ஏன் தடுமாற வேண்டும்? கண் தெரியாவிட்டால் என்ன, நேராக இருக்கிறோமா, சாய்ந்து இருக்கிறோமா என்று உடம்புக்குத் தெரியாதா?

தெரியாது! அதுதான் ஆச்சரியம்.

சின்னப் பிள்ளைகள் தட்டாமாலை சுற்றுவார்கள். சுற்றி விட்டு நின்றால், நின்ற பிறகும் வீடு வாசல் எல்லாம் சுற்றும். காரணம் என்ன? காதுக்கு உள்ளே மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் நீர் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. உடம்பு திரும்பும் போது அந்தத் திரவம் அசைந்து மூளைக்குச் சேதி சொல்லும். ஒரே வேகத்தில் சுற்றிக் கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்து விடும். அப்போது, "சுற்றவில்லை" என்று காது பொய் சொல்லும். நின்ற பிறகு, "எதிர்ப் பக்கம் சுற்றுகிறாய்" என்று இன்னொரு பொய் சொல்லும்.

தரையில் இருக்கும் பிள்ளை கீழே விழுந்து சிரித்து விட்டு எழுந்து விடும். மேகத்துக்குள் இருக்கும் விமானி காது சொல்வதை நம்பி விமானத்தைத் திருப்பினால், விமானம் சுழன்று கீழே போகும்.

1954-ம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கம் இல்லாத 20 பேரை விமானத்தில் ஏற்றினார்கள். பக்கத்தில் தேர்ந்த விமானி இருந்தார். மேலே போனதும் வெளியே தெரியாதபடி அவர்களுடைய பார்வையை மறைத்தார்கள்.

20 பேரில் ஒருவர் கூடத் தப்பவில்லை! எல்லோருடைய விமானமும் அபாய நிலைக்குப் போனது. ஒருவருக்கு 20 வினாடியிலேயே போய் விட்டது. அதிகமாகத் தாக்குப் பிடித்தவர் 480 வினாடி. சராசரி 178 வினாடி. மூன்று நிமிஷம் கூட இல்லை.

பிறகு அவர்களுக்குக் கருவிகளைப் பார்த்து நிதானமாகத் திரும்பி வரும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அநேகமாக எல்லா முறையும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

ஆகவே, கருவிகளைப் பார்த்து ஓட்டுவது என்பது தலையால் கற்க வேண்டிய பாடம். கண் எந்தக் கருவியை முதலில் பார்க்க வேண்டும், அடுத்து எதைப் பார்க்க வேண்டும், முள் எப்படி நகர்ந்தால் கையை எப்படி நகர்த்த வேண்டும் என்பதுதான் பாடம். இதை நாற்காலியில் உட்கார்ந்து கற்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரின் பலம் இங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்குள் வந்த விமானம்

அதே இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில், புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர் படித்தார். பறக்கும் விமானத்தில் இருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து காட்டுவது எப்படி என்று 1975-ம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1979-ம் ஆண்டில் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு ஒரு விமான விளையாட்டைச் செய்தார். 1982-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அவருடைய விமானத்தை வெளியிட்டது.

அன்று திரையில் தெரிந்தது வெறும் கோடுகள்தான். நாலு கோடு போட்டால் மலை, இரண்டு கோடு போட்டால் ஓடுபாதை.

மைக்ரோசாப்டின் விமானம் வெகு காலம் சிகாகோ நகரத்தில் ஏரிக் கரையில் இருந்த மெய்க்ஸ் விமான நிலையத்தில் இருந்துதான் புறப்பட்டது. விமானத்தில் கால் வைக்காத லட்சக்கணக்கான பேருக்கு அந்த ஓடுபாதை சொந்தத் தெரு போலப் பழக்கம். நிஜமான மெய்க்ஸ் நிலையத்தை 2003-ம் ஆண்டில், ஒரே இரவில் இயந்திரங்களைக் கொண்டு வந்து தோண்டிப் போட்டு விட்டார்கள். பழைய விளையாட்டை வைத்திருப்பவர்கள் இன்றும் அங்கே இருந்து பறக்கலாம்!

இப்போது கோடுகள் போய் விட்டன. 2020-ம் ஆண்டில் வந்த மைக்ரோசாப்ட் விமானத்தில் உலகம் முழுவதும் இருக்கிறது. ஆகாயத்தில் இருந்து எடுத்த உண்மையான படங்களைக் கொண்டு ஊர்களை அமைத்திருக்கிறார்கள். வெளியே நிஜமாக மழை பெய்தால் திரையிலும் மழை பெய்யும்.

எக்ஸ்-பிளேன் என்று இன்னொன்று இருக்கிறது. அது விமானத்தின் இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எவ்வளவு பலத்தோடு மோதுகிறது என்று கணக்குப் போட்டு விமானத்தை நகர்த்துகிறது. கணக்கு கெட்டிக்காரக் கணக்கு. பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும், அரசாங்கம் ஒப்புக் கொண்ட சில கருவிகளில் கூட இதே எக்ஸ்-பிளேன்தான் ஓடுகிறது.

அப்படியானால் இனி என்ன குறை?

கைக்குத் தெரியாதது

நிஜ விமானத்தின் பிடியை ஒரு முறை பிடித்தவனுக்கு அந்தக் குறை உடனே தெரியும்.

விமானம் வேகமாகப் போகும் போது பிடி கெட்டியாக இருக்கும். காற்று அதைத் தள்ளும். வேகம் குறையக் குறையப் பிடி தளர்ந்து, கூழ் கிண்டுவது போல ஆகி விடும். வேகம் காட்டும் முள்ளைப் பார்க்காமலே, "வேகம் குறைகிறது, ஜாக்கிரதை!" என்று கை சொல்லி விடும்.

வீட்டு மேஜையில் இருக்கும் பிடிக்குள் ஒரு கம்பிச் சுருள்தான் இருக்கிறது. வேகமாகப் போனாலும் சரி, மெதுவாகப் போனாலும் சரி, அது ஒரே மாதிரிதான் தள்ளும். விசேஷமான பிடிகள் விற்கிறார்கள். அவற்றின் விலை வேறு.

காலுக்கும் வேலை உண்டு. ஒற்றை எஞ்சின் விமானம் ஓடுபாதையில் முழு வேகத்தில் ஓடும் போது, அதன் மூக்கு பெரும்பாலும் இடது பக்கம் இழுக்கும். வலது காலால் மிதித்து அதை நேராக்க வேண்டும். வீட்டில் பழகுகிறவர்களில் பலரிடம் மிதிக்கும் பெடலே கிடையாது. அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்து விடுகிறது. பிறகு அவர்கள் நிஜ விமானத்தில் ஏறும் போது, கால் இரண்டும் சும்மா கிடக்கின்றன. விமானம் ஓரமாகப் போகிறது.

கண் விஷயம் இன்னும் சுவையானது. வெளிச்சமான பகலில் ஓட்டுகிற விமானி வெளியேதான் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு நேரம் வெளியே, ஒரு பங்கு நேரம் உள்ளே கருவிகளில் என்று ஆசிரியர்கள் கணக்குச் சொல்லுவார்கள். எதிரே வேறு விமானம் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

வீட்டில் பழகியவனோ கருவிகளையே முறைத்துப் பார்ப்பான். சிறிய திரையில் வெளியே பார்க்க அதிகம் இல்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் பொத்தானைத் தட்ட வேண்டும். கண்ணில் மாட்டிக் கொள்ளும் கருவி இருந்தால் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். அது எல்லோரிடமும் இல்லை. எனவே முள்ளைப் பார்த்தே ஓட்டிப் பழகி விடுகிறான். அப்படிப்பட்ட மாணவன் வந்தால், சில ஆசிரியர்கள் கருவிகளின் மேல் காகிதத்தை ஒட்டி மூடி விடுவார்கள். "இப்போது ஓட்டு பார்க்கலாம்!" என்பார்கள்.

தரையில் இறங்குவதில்தான் எல்லாக் குறையும் ஒன்று சேர்ந்து கொள்ளுகின்றன.

இறங்கும் விமானம் ஓடுபாதையை நோக்கிச் சரிந்து வருகிறது. அப்படியே வந்தால் மூக்கு முட்டும். தரைக்குச் சில அடி உயரத்தில் பிடியை மெள்ள இழுத்து, மூக்கைத் தூக்கி, விமானத்தைத் தரைக்கு மேலே சிறிது மிதக்க விட வேண்டும். வேகம் தானாகக் குறையும். சக்கரம் மெதுவாகத் தரையைத் தொடும். சீக்கிரமாக இழுத்தால் விமானம் மேலே எழும்பி, வேகம் போய், தொப்பென்று விழும். தாமதமாக இழுத்தால் தரையில் மோதித் துள்ளும்.

சரியான நேரம் எது என்று எப்படித் தெரியும்? உயரம் காட்டும் கருவியைப் பார்த்து அதைக் கண்டு பிடிக்க முடியாது. விமானி ஓடுபாதையின் கடைக்கோடியைப் பார்க்கிறார். கடைக்கண்ணில் இரண்டு பக்கத்துத் தரையும் எழும்பி வருவது தெரிகிறது. புல் புல்லாகத் தெரிய ஆரம்பிக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஆசனத்தில் உடம்பின் கனம் மாறுகிறது. இவை எல்லாம் சேர்ந்து, "இப்போது!" என்று சொல்லுகின்றன.

மேஜை மேல் இருக்கும் திரைக்குக் கடைக்கண் ஏது? நாற்காலி கனக்குமா?

அதனால்தான், கம்ப்யூட்டரில் நூறு முறை இறங்கியவர் கூட நிஜ விமானத்தில் முதல் நாள் துள்ளித் துள்ளி இறங்குகிறார். நூறு முறை இறங்கியது முழுவதும் வீண் போகவில்லை. எந்த உயரத்தில் திரும்புவது, எப்போது எஞ்சின் வேகத்தைக் குறைப்பது, எந்த வேகத்தில் வருவது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். கடைசிப் பத்து அடிதான் பாக்கி. அந்தப் பத்து அடியை அவர் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

பயம் என்ற பாடம்

இன்னொன்று இருக்கிறது. அதைக் கடையில் விற்க முடியாது.

மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்து விடும். விமானம் கீழே சரியும். அப்போது பிடியை முன்னால் தள்ள வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் பத்து வயதுப் பையன் கூடச் சரியாகச் செய்வான்.

ஆனால் நிஜமாக விமானம் சரியும் போது, வயிறு தொண்டைக்கு வரும் போது, கண் எதிரே தரை தெரியும் போது, மனிதனுடைய கை என்ன செய்யும்? பிடியைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும். அது இயற்கை. அந்த இயற்கையை அடக்கத்தான் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்.

இது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. பல கோடி ரூபாய் விலையில், ஆறு கால்களில் நின்று ஆடும் பெரிய சிமுலேட்டர்களுக்கும் ஓரளவு உண்டு.

2009-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, நியூயார்க் நகரத்தின் லகார்டியா நிலையத்தில் இருந்து புறப்பட்ட ஏர்பஸ் விமானத்தில் வாத்துக் கூட்டம் மோதியது. இரண்டு எஞ்சின்களும் வலுவிழந்தன. விமானி சல்லன்பெர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள்.

"திரும்பி விமான நிலையத்துக்கே போயிருக்க முடியாதா?" என்று விசாரணையில் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். பறவை மோதிய உடனே திரும்பிய விமானிகளில் சிலர் ஓடுபாதையை எட்டினார்கள். ஆனால், என்ன நடந்தது என்று ஒரு மனிதன் புரிந்து கொள்ள நேரம் வேண்டும் அல்லவா? அதற்காக 35 வினாடி தாமதித்துத் திரும்பிப் பார்த்த போது, எட்ட முடியவில்லை!

சிமுலேட்டரில் இருந்தவர்களுக்குப் பறவை வரப் போகிறது என்று முன்பே தெரியும். சல்லன்பெர்கருக்குத் தெரியாது. வித்தியாசம் அதுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காக விமானம் ஓட்டும் லைசென்ஸ் பெறக் குறைந்தது 40 மணி நேரம் பழகி இருக்க வேண்டும். இது பொதுவான விதி. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும், கணக்கில் ஒரு நிமிஷம் கூடச் சேராது. ஒப்புதல் பெற்ற கருவியில், லைசென்ஸ் பெற்ற ஆசிரியர் முன்னால் பழகினால்தான் சேரும். அதுவும் 40 மணியில் பொதுவாக இரண்டரை மணி நேரம்தான்.

அடுத்த படி, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி. அதற்கும் 40 மணி நேரம் கருவிப் பயிற்சி வேண்டும். அதில், ஒப்புதல் பெற்ற உயர்தரமான தரைக் கருவியில் பழகிய நேரத்தை 20 மணி வரை சேர்த்துக் கொள்ளலாம்.

முதல் பாடத்தில் 40-க்கு இரண்டரை. இரண்டாவது பாடத்தில் 40-க்கு 20. தரையில் எதைக் கற்கலாம், எதைக் கற்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆகவே, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று வீட்டுக் கம்ப்யூட்டரை மூலையில் தள்ள வேண்டியது இல்லை. இந்தச் சுரைக்காய் பாதிக் கறிக்கு உதவுகிறது.

நிஜம் போல இருந்தால்தான் உதவும் என்றும் இல்லை. இஸ்ரேல் நாட்டு விமானப் படைப் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 1994-ம் ஆண்டில் வெளியாயிற்று. புது மாணவர்களுக்கு 10 மணி நேரம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கொடுத்தார்கள். அது விமானம் போலவே இருக்காது. திரை நடுவில் ஒரு கோட்டை. அதைச் சுற்றிப் பறக்கும் ஒரு சின்ன உருவம். கோட்டையைச் சுட வேண்டும், கண்ணிவெடிகளில் இருந்து தப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால், எந்த வேலைக்கு எப்போது கவனம் கொடுப்பது என்று அந்த மாணவர்களுக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் நிஜ விமானத்தில் ஏறிய போது, விளையாடாத மாணவர்களை விட நன்றாக ஓட்டினார்கள்!

படம் அழகாக இருந்ததால் அல்ல. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்ததால்.

அந்த மேஜை எங்கே?

நீலப் பெட்டிக்கு வெளியே இருந்த மேஜையை இப்போது நினைத்துப் பார்க்கலாம்.

அந்தப் பெட்டியில் படம் இல்லை. திரை இல்லை. ஆறும் மலையும் இல்லை. மூடி போட்டு விட்டால் உள்ளே கருவிகளின் முள் மட்டும்தான் தெரியும். வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் அது வெறும் மரப் பெட்டி. இருந்தும் அதில் 5 லட்சம் பேர் கற்றார்கள். காரணம், மேஜை எதிரே ஆசிரியர் இருந்தார்.

வீட்டுக்கு விமானம் வந்து விட்டது. மேஜை வரவில்லை. பையன் தவறாகத் திரும்பினால் கம்ப்யூட்டர் கோபிக்காது. தவறாக இறங்கினால், "மறுபடியும் ஆரம்பிக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்கும். தவறையே ஐம்பது முறை செய்தால், தவறு பழக்கமாகி விடுகிறது. அதைக் கழற்றி எடுக்க ஆசிரியருக்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. அந்த மணி நேரத்துக்கும் வாடகை உண்டு!

ஆசிரியர் என்றால் என்ன என்பதை 2022-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி உலகமே கேட்டது.

பஹாமாஸ் தீவில் இருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு ஒரு சிறிய செஸ்னா விமானம் வந்து கொண்டு இருந்தது. நடு வழியில் விமானி மயங்கி விட்டார். விமானம் ஓட்டத் தெரியாத பயணி ஒருவர் பிடியைப் பிடித்தார். ரேடியோவில் உதவி கேட்டார்.

பாம் பீச் நிலையத்தில் ஓய்வு நேரத்தில் இருந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரும் கூட. ஆனால் அந்த ரக விமானத்தை அவர் ஓட்டியதே இல்லை. அதனுடைய கருவிகள் எங்கே எங்கே இருக்கின்றன என்று ஒரு படத்தை அச்சிட்டு எடுத்து, கையில் வைத்துக் கொண்டார். படிப்படியாகச் சொன்னார். பயணி படிப்படியாகச் செய்தார். விமானம் ஓடுபாதையில் பத்திரமாக இறங்கி நின்றது. மயங்கிய விமானியும் பிழைத்தார்.

அங்கே இருந்தது ஒரு காகிதப் படமும் ஆசிரியரின் குரலும்தான்.

"வீட்டிலேயே விமானி ஆகலாம்" என்ற ஆசையை வளர்க்கும் விளம்பரங்கள் இதைச் சொல்லுவது இல்லை. சொல்ல வேண்டும். விமானப் பள்ளிகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. "வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொடாதே" என்று மாணவனை விரட்டுவதில் பயன் இல்லை. அவன் தொடத்தான் போகிறான். இந்த வாரம் வீட்டில் எதைப் பழகலாம், எதைப் பழகக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பலாம். காகிதச் செலவோடு முடியும்.

அந்தச் சீட்டில் எழுதத் தகுந்தவை நிறைய இருக்கின்றன. புறப்படும் முன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்பது. ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது. வரைபடத்தைப் பார்த்து வழி கண்டு பிடிப்பது. கருவிகளின் மேல் கண்ணை ஓட்டுவது. நாளைக்கு நிஜமாகப் போக வேண்டிய விமான நிலையத்துக்கு இன்றே திரையில் ஒரு முறை போய் வருவது. எஞ்சின் நின்றால் எந்த வயலில் இறங்கலாம் என்று தேடுவது. நிஜ விமானத்தில் எஞ்சினை நிறுத்திப் பழக முடியாது. திரையில் நூறு முறை நிறுத்தலாம். நடுவில் நிறுத்தி யோசிக்கலாம்.

எழுதக் கூடாதவையும் உண்டு. ஆசிரியர் காட்டுவதற்கு முன்பே இறங்கும் பாடத்தைத் தானாகப் பழகுவது அதில் முதலாவது.

பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, வீட்டில் சிறிது பணமும் இருக்கிறது என்றால், பெற்றோர் சாதாரணமாக முதலில் கம்ப்யூட்டரும் பெரிய திரையும் வாங்குகிறார்கள். விமானப் பள்ளி பிறகு என்று வைத்துக் கொள்கிறார்கள். வரிசையை மாற்றிப் பார்க்கலாம். பல விமானப் பள்ளிகளில், புதிதாக வருகிறவர்களை ஆசிரியரோடு சிறிது நேரம் மேலே அழைத்துப் போய்ப் பிடியைக் கையில் கொடுப்பார்கள். முதலில் அதற்கு அனுப்பலாம். பிடி எப்படிக் கனக்கிறது, ஆசனம் எப்படி அழுத்துகிறது, தரை எப்படி எழும்பி வருகிறது என்று ஒரு முறை உடம்புக்குத் தெரிந்து விட்டால், பிறகு திரையில் எது குறைகிறது என்று பிள்ளைக்கே தெரியும்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் வாங்கலாம். திரை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. காலுக்குப் பெடல் இருக்கட்டும்.